கிருஷ்ணகிரிக்குப் புதிதாக வந்த கிறிஸ்தவக் குடும்பத்துக்கு: அடக்கம் முதல் கல்லறைக் கல் வரை

அம்மாவின் கல்லறைக் கல் முதல் தடவை வந்து இறங்கியபோது அதில் ஒரு ‘க்’ இல்லை. “இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்” என்று வெட்டச் சொல்லியிருந்தோம். வந்தது “புதிதாகுகிறேன்”. ஆண்டவர் எல்லாவற்றையும் புதிதாக்குவது போய், அவரே ஏதோ புதிதாக ஆகிக்கொண்டிருப்பதுபோல ஒரு வாக்கியம், கறுப்புக் கல்லில், தங்க நிறத்தில்.

அந்த ஒரு மெய்யெழுத்தைத் திரும்பக் கொண்டுவர ஆறு வாரம் ஆனது. அதற்கு முன்பே வேறு ஏழெட்டு இடங்களில் சறுக்கியிருந்தோம். நாங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு பர்கூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததால் கிருஷ்ணகிரியில் வீடு எடுத்தோம். அப்பா போன பிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். ஊரில் ஒரு சாவு என்றால் சேகரத்துக்கு, அதாவது போதகர் இருக்கும் தலைமைச் சபைக்கு, ஓர் ஆளை அனுப்பினால் போதும். கோயில் மணி அடிப்பதிலிருந்து குழி தோண்டுவது வரை யாராவது பார்த்துக்கொள்வார்கள். இங்கே பிப்ரவரி மாத விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா கண்ணை மூடியபோது, அடுத்து யாருக்குப் போன் செய்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

வேலைக்காக ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று வந்து, வயதானவர்களை உடன் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ரூபாய் கணக்கெல்லாம் எங்களுக்கு ஆனது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

1. ஆள் நன்றாக இருக்கும்போதே சபையில் பெயரைப் பதியுங்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு இதுதான். நான்கு வருடம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம், காணிக்கை போட்டோம், பாட்டு முடிந்ததும் கிளம்பி வந்தோம். அங்கத்தினராகச் சேரவில்லை. “ஊர் சபையில் பேர் இருக்கே, இங்கே எதுக்கு” என்ற நினைப்பு. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டபோது முதல் கேள்வி: “சந்தா அட்டை இருக்குங்களா?”

இடம் தந்தார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கத்தினருக்கு 3,000 ரூபாய் என்பது வெளியாருக்கு 15,000. கல்லறைக் கமிட்டிச் செயலாளர் வெளியூர் போயிருந்ததால் அனுமதிக்கே மதியம் ஆகிவிட்டது.

செய்ய வேண்டியது: சொந்த ஊர் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி இங்குள்ள போதகரிடம் கொடுங்கள். ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று நகல்களும் சேர்த்து. ஒரு மாதத்துக்குள் முடிகிற காரியம், செலவு சந்தா மட்டும்.

கத்தோலிக்கர் என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் தருமபுரி மறைமாவட்டத்துக்குள் வரும். நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கை (எந்தக் கோயிலின் எல்லையை) சேர்ந்தது என்று கேட்டு, அந்தப் பங்குத்தந்தையிடம் குடும்பத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பிடித்த கோயிலுக்குப் பூசைக்குப் போவது வேறு, பங்கு வேறு. கிருஷ்ணகிரிப் பாத்திமா அன்னை கோயிலுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறவர்களில் பாதிப்பேர் வேறு பங்கைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். லுத்தரன் சபைக்காரர்களுக்கு இங்கே சிக்கல் குறைவு. 1895-இலேயே மிஷனரிகள் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கியதால் சபையும் பழசு, பழகியவர்களும் அதிகம்.

சுயாதீன ஜெப வீடுகளுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள்: பல இடங்களில் சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது. “எங்க சபையில யாராவது இறந்தா எங்கே வைப்பீங்க பாஸ்டர்?” என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். உயிர்த்தெழுதலைப் பற்றி வாரா வாரம் பேசுகிற இடத்தில் அடக்கத்தைப் பற்றிக் கேட்பது ஒன்றும் அபசகுனம் இல்லை.

2. ஒரு பைல் போட்டு வையுங்கள்

அம்மாவுக்கு ஆதாரில் எஸ்தர். ஞானஸ்நானச் சான்றில் எஸ்தரம்மாள். பென்ஷன் புத்தகத்தில் இனிஷியல் வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொல்லிச் சொல்லியே பாதி வருடம் போனது.

பைலில் இருக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை நகல், ஞானஸ்நானச் சான்று, சபைச் சந்தா ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கடைசியாகப் பார்த்த டாக்டரின் சீட்டு. ஆதாரையும் மற்ற தாள்களையும் ஒரே பெயருக்குக் கொண்டுவர ஆள் உயிரோடு இருக்கும்போது ஒரு விரல்ரேகை போதும். பிறகு என்றால் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, அலைச்சல்.

3. வீட்டில் இறந்தால்: டாக்டர் சான்று முதலில்

வீட்டில் இயற்கையாக இறந்தவருக்கு, கடைசியாகச் சிகிச்சை பார்த்த மருத்துவர் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும். படிவம் 4ஏ என்பார்கள். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே படிவம் 4 கொடுத்துவிடுவார்கள்.

பொறி எங்கே என்றால், ஆளைப் பார்த்தேயிராத டாக்டர் இதில் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, முடியாது என்ற பதிலோடு திரும்பினேன். அம்மாவின் சர்க்கரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற டாக்டர் ஒன்பதரைக்குத்தான் வந்தார்; பழைய சீட்டைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். வயதானவர்களை நோய் இல்லாவிட்டாலும் சில மாதத்துக்கு ஒருமுறை ஒரே டாக்டரிடம் காட்டுங்கள்.

விபத்து, விஷம், விழுந்து அடிபட்டது, சந்தேகம் என்று எதுவாக இருந்தாலும் இந்தச் சான்று ஆகாது. போலீஸுக்குச் சொல்லி, பிரேதப் பரிசோதனை முடிந்துதான் உடல் கைக்கு வரும். அங்கே அவசரப்படுத்திப் பயனில்லை.

அரசு மருத்துவமனையில் இறந்தால் வீடு வரை கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377 என்ற எண். வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

4. பெங்களூருவில் இறந்தால்

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல் இது. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான், பெரிய வைத்தியம் என்றால் எல்லோரும் அங்கேதான் ஓடுகிறோம். சட்டப்படி இறப்பைப் பதிவது இறந்த இடத்தில். அடக்கம் கிருஷ்ணகிரியில் என்றாலும் சான்றிதழ் கர்நாடகத்திலிருந்துதான் வரும், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், அவர்கள் பதிவுக்கு அனுப்பும் படிவத்தில் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், வயது, நிரந்தர முகவரி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். துக்கத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. எங்கள் எதிர்வீட்டுக்காரர் செய்யவில்லை; ஓர் இனிஷியலைத் திருத்த நான்கு தடவை பெங்களூரு போய் வந்தார். ஆஸ்பத்திரி தரும் இறப்புச் சுருக்கத்தின் (டெத் சம்மரி) நகல் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டும்போது ஒன்று கையில் இருக்கட்டும், இன்னொன்று கல்லறைக் கமிட்டிக்கு.

5. குழி: இங்கே மண் இல்லை, பாறை

எங்கள் ஊர்ச் செம்மண்ணில் இரண்டு பேர் இரண்டு மணி நேரத்தில் ஆறடி இறங்கிவிடுவார்கள். இங்கே நாலடியில் பாறை. காலை பத்து மணிக்கு அனுமதி கிடைத்தாலும் அன்று மாலை அடக்கம் நிச்சயமில்லை. கல்லறைகளுக்கு நடுவே ஜேசிபி நுழையவும் வழி இருக்காது. கடப்பாரையும் கம்பரஸரும்தான். நேரம் குறித்து எல்லோருக்கும் வாட்ஸப் அனுப்புமுன் குழி தோண்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். “நாளைக்குக் காலைல பதினொண்ணுக்கு வச்சிக்கங்கண்ணா” என்று அவர் சொன்னால் அதுதான் நேரம்.

தெற்கிலிருந்து உறவினர் வர வேண்டியிருந்தால் அந்தக் கணக்கும் சேர்த்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. சேலத்திலோ தருமபுரியிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். என் தம்பி ஒரு ராப்பயணம் செய்து வந்து சேர்ந்தான். அதனால் ஃப்ரீசர் பெட்டி ஒன்றரை நாள்.

தோண்டுகிறவரிடம் திசையையும் சொல்லுங்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்திருக்கும்போது கிழக்கைப் பார்த்து எழுந்திருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். தோட்டத்தில் மற்ற கல்லறைகள் எந்த வாக்கில் இருக்கின்றன என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனாலும் சொல்லுங்கள்.

சொந்தத் தோட்டத்தில் மாமரத்தடியில் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஊராட்சிப் பகுதிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டுக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கக் கூடாது. அதற்கென்று ஒதுக்கிய இடம்தான் பாதுகாப்பு.

அந்த இரண்டு நாள் செலவு எங்களுக்கு: ஃப்ரீசர் பெட்டி நாளுக்கு 3,500, சவப்பெட்டி 11,000, குழிக்கு 8,000, அதில் பாறைக்கு மட்டும் 3,000 கூடுதல், வண்டி 4,000, பந்தலும் நாற்காலியும் 5,500. சவப்பெட்டிக்காரர் உயரம் கேட்பார். உத்தேசமாகச் சொல்லாமல் அளந்து சொல்லுங்கள்.

6. இறப்புப் பதிவு: 21 நாள்

கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களில் நகராட்சி அலுவலகம், ஓசூரில் மாநகராட்சி, பர்கூர் போன்ற இடங்களில் பேரூராட்சி, கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, முதல் சான்றிதழும் இலவசம். அதைத் தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு. இருபத்தோராம் நாள் வரை காத்திருக்காமல் அடக்கத்தின் மறுவாரமே போய்விடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: டாக்டர் சான்று, இறந்தவரின் ஆதார், தகவல் சொல்பவரின் ஆதார், முகவரிச் சான்று, கல்லறைத் தோட்டத்தில் தந்த ரசீது. கணினியில் ஏற்றுமுன் திரையை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் பிறகு இணையத்திலேயே கிடைக்கும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்செடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் காசு கொடுத்து “ஒரிஜினல்” வாங்க வேண்டியதில்லை.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடம், இ-சேவை மையம் வழியாக. கட்டணம் 60 ரூபாய். கல்யாணமான பெண்களின் பெயரும் அதில் வர வேண்டும். விட்டுவிட்டு விண்ணப்பித்தால் பின்னால் வங்கியில் நிற்கும்போது தெரியும்.

7. வசனத்தைத் தேர்ந்தெடுப்பது

இதற்கும் ஒரு படியா என்று நினைக்கலாம். எங்கள் வீட்டில் அதிகச் சத்தம் கேட்டது இந்தப் படியில்தான்.

அம்மா சொல்லி வைத்திருந்தார்: “எங் கல்லுல பெருமை கிருமை ஒண்ணும் எழுதாதீங்க. அந்த வசனத்த மட்டும் போடுங்க.” அந்த வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 21:5. தம்பிக்கு அதற்கு முந்தின வசனம் வேண்டும்: கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார், இனி மரணமுமில்லை. எனக்கும் அதுதான் ஆறுதலாகப் பட்டது. ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன்’ போடலாம் என்றார் சித்தப்பா. அது தோட்டத்தில் நான் எண்ணியவரை பதினான்கு கல்லில் இருந்தது.

போதகர்தான் தீர்த்து வைத்தார். வீட்டுக்கு வந்து, காப்பி ஆறிப்போகும்வரை பேசினார். நாலாம் வசனத்தில் என்னவெல்லாம் இருக்காது என்று சொல்லியிருக்கிறது: மரணம் இல்லை, துக்கம் இல்லை, அலறுதல் இல்லை. ஐந்தாம் வசனத்தில்தான் சிங்காசனத்தில் இருக்கிறவரே வாய் திறக்கிறார். அவர் புதிதாக எதையோ செய்கிறேன் என்று சொல்லவில்லை, இருக்கிற சகலத்தையும் புதிதாக்குகிறேன் என்கிறார். மூலத்தில் அது எதிர்காலம்கூட இல்லை, நடந்துகொண்டிருக்கிற வினை. “உங்க அம்மாவுக்குப் பதிலா வேற ஒரு ஆள அவர் உண்டாக்கப் போறதில்லம்மா. உங்க அம்மாவைத்தான் புதுசாக்கப் போறார்.” எனக்கு அதற்கப்புறம் நாலாம் வசனம் வேண்டியிருக்கவில்லை.

அதே வசனத்தின் கடைசியில் “இவைகளை எழுது” என்று இருக்கிறது. அதைப் படித்தபோது இதைக் கல்லில் எழுதத்தான் வேண்டும் என்று தம்பியும் ஒப்புக்கொண்டான். எழுதியதில் என்ன ஆனது என்பது கீழே.

நடைமுறைக்கு வருகிறேன். எந்த மொழிபெயர்ப்பு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் படிக்கும் பழைய திருப்புதலில் ‘சகலத்தையும்’, கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் ‘அனைத்தையும்’. புத்தகத்தின் பெயரே இரண்டிலும் வேறு: ஒன்றில் வெளிப்படுத்தின விசேஷம், மற்றதில் திருவெளிப்பாடு. கத்தோலிக்க மருமகளும் சி.எஸ்.ஐ. மாமியாரும் உள்ள வீட்டில் ஒன்றின் வாசகமும் மற்றதன் சுருக்கக் குறியும் ஒரே கல்லில் கலந்துவிடும். பார்த்திருக்கிறேன்.

நீளத்தையும் பாருங்கள். எங்கள் வசனம் புள்ளி எழுத்தையும் சேர்த்து 19 எழுத்து. இரண்டடி அகலக் கல்லில் இரண்டு வரியில் அழகாக உட்காரும். நாலாம் வசனத்தை முழுதாகப் போட்டால் எழுத்து சிறுத்துப்போய் ஐந்து வருடத்தில் பாசி மூடிவிடும்.

8. கல் வாங்குவது

நல்ல செய்தி: கல்லுக்குப் பெயர்போன ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றியும் பர்கூர், ஜெகதேவிப் பக்கமும் கிரானைட் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஊரில் உள்ளவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

கெட்ட செய்தி: பெரிய பட்டறைகளுக்கு உங்கள் ஒற்றைக் கல் ஒரு வேலையே இல்லை. கண்டெய்னர் கணக்கில் ஏற்றுமதி செய்கிறவரிடம் இரண்டடிக்கு ஒன்றரையடி கேட்டால் மூன்று மாதம் இழுப்பார். கல்லறைக் கல்லும் கல்வெட்டும் மட்டும் செய்கிற சின்னப் பட்டறையாகப் பாருங்கள். தோட்டத்தில் உங்களுக்குப் பிடித்த கல்லின் பின்பக்கம் பாருங்கள், சில சமயம் பட்டறையின் பெயர் இருக்கும்.

அவசரப்பட வேண்டாம். அடக்கமான மண் இறங்கி அமர ஒரு மழையாவது பெய்ய வேண்டும். நாற்பதாம் நாளுக்குள் கல் வைத்தே ஆக வேண்டும் என்று அவசரப்பட்டவர்களின் கல் குறுக்கே விரிசல் விட்டுக் கிடப்பதை எங்கள் தோட்டத்திலேயே காட்டுவேன். ஆறு மாதம் பொறுங்கள். அதுவரை ஒரு மரச் சிலுவை போதும். எங்களுக்கு 600 ரூபாயில் ஆனது.

மேலே மூடும் பலகை ஆறடிக்கு மூன்றடி, இரண்டு அங்குலக் கனம் என்றால் கிட்டத்தட்ட கால் டன். அடியில் கான்கிரீட் பெல்ட் இல்லாமல் அதை வைக்கக் கூடாது, தூக்க எட்டுப் பேர் வேண்டும். சுற்றிச் செங்கல் கட்டி மேலே 20 மில்லிமீட்டர் பலகை போட்டால் எடை நூறு கிலோவுக்குள் அடங்கும், விலையும் பாதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம். தலைக்கல்லை மட்டும் இரண்டு அங்குலத்தில் எடுத்தோம்.

எழுத்து வெட்டுவதில் இரண்டு வகை. லேசர் மேலாகக் கீறும், முகம் வரைய நன்றாக இருக்கும். எழுத்துக்கு மணல் அடிப்பதுதான் நல்லது. கணினியில் எழுத்தை அமைத்து ஸ்டிக்கர் தாளில் வெட்டி, அதைக் கல்லில் ஒட்டி, காற்றழுத்தத்தில் மணலை அடித்தால் எழுத்து இருக்கும் இடம் மட்டும் குழியும். அந்தக் குழியில் பெயின்ட். பெயின்ட் போனாலும் எழுத்து நிற்கும்.

எங்களுக்குக் கல்லும் கட்டுமானமும் சேர்த்து 38,000. எழுத்துக்குத் தனியாக 25 ரூபாய் வீதம். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கையால் எழுதியதாக இருந்தாலும் ரசீது வாங்குங்கள், அதில் எத்தனை எழுத்து என்று குறிக்கச் சொல்லுங்கள். ஏன் என்று இதோ சொல்கிறேன்.

9. எழுத்தைச் சரிபார்ப்பது

நான் வசனத்தை வாட்ஸப்பில் தட்டச்சு செய்து அனுப்பினேன். நாம் போனில் அடிக்கும் எழுத்து அவர்களுடைய பழைய மென்பொருளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆகையால் பட்டறைப் பையன் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடித்திருக்கிறான். அப்போது விழுந்ததுதான் அந்த ‘க்’. ஸ்டிக்கர் ஒட்டியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மாதிரிப் படம் வந்தது. நான் படித்தேன், சரி. தம்பி படித்தான், சரி. வீட்டுக்காரர், சித்தப்பா, ஏன் போதகரே படித்தார். ஐந்து பேருக்கும் வசனம் மனப்பாடம். கண் கல்லில் இருந்தாலும் வாய் மனப்பாடத்தைத்தான் சொன்னது. நான் “ஓகே” என்று பதில் அனுப்பினேன்.

கல் வந்து வாசலில் சாத்தியிருந்த அன்று பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பெண் வந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவள் வீட்டில் வேதப்புத்தகம் கிடையாது, வசனமும் தெரியாது. “பு-தி-தா-கு-கி-றேன். அத்தை, அப்படின்னா என்ன?”

ஆகவே:

வசனத்தைத் தாளில் பெரிதாகக் கையால் எழுதிக் கொடுத்து, அதில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியைப் போன் திரையில் பார்க்காதீர்கள். கல்லின் அதே அளவில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள், ஐம்பது நூறு ரூபாய் ஆகும். அதைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை தலைகீழாக வாசியுங்கள். கட்டாயமாக, வசனம் தெரியாத ஒரு குழந்தையிடம் கொடுங்கள். பிறந்த தேதி, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ தேதி இரண்டையும் இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பட்டறையில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்கதானே ஓகே போட்டீங்க.” உண்மைதான். அப்போதுதான் ரசீது கைகொடுத்தது. வசனத்துக்கு 19 எழுத்து, 475 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். கல்லில் எண்ணினால் 18. இல்லாத ‘க்’குக்குக் காசு வாங்கியிருக்கிறீர்களே என்று கேட்டதும் முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. புதுக் கல்லுக்கு எவ்வளவு என்று கேட்டேன். கல்லைத் தடவிப் பார்த்தார். “புதுக் கல்லு எதுக்குங்க, இதையே புதுசாக்கிடலாம்” என்றார்.

முகத்தை மூன்று மில்லிமீட்டர் அரைத்தெடுத்து, மறுபடி பாலிஷ் போட்டு, மறுபடி வெட்டினார்கள். 9,000 ஆகும் என்றது பாதியாகி 4,500-இல் முடிந்தது. எழுத்தின் குழி ஆழமாக இருந்தால் இது முடியாது, முழுக் கல்லும் மாற்ற வேண்டும். அதனால் இன்னும் பிழை பார்க்காத கல்லை நடவே நடாதீர்கள். நட்ட பிறகு பிடுங்கினால் ஓரம் சிதறும்.

10. நடும் நாள்

கல்லறைத் திருநாள் நவம்பர் 2. அதற்குள் வைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைப்பதால் அக்டோபரில் பட்டறைகளில் கூட்டம், மழையும் சேர்ந்துகொள்ளும். ஜூலையில் சொல்லிவிடுங்கள், ஆகஸ்டில் கட்டுமானம். கமிட்டியிடம் கல்லின் அளவைச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சில தோட்டங்களில் உயரத்துக்கு வரம்பு உண்டு, கொத்தனார் உள்ளே வருவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. பின்னாளில் அதே குழியில் குடும்பத்தில் இன்னொருவரை வைக்கலாமா, எத்தனை வருடம் கழித்து என்பதையும் அப்போதே கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும்.

திருநாள் காலையில் வீட்டிலிருந்தே ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோங்கள், தோட்டத்துக் குழாயில் அன்று வரிசை நிற்கும். கல்லை ஆசிட் போட்டுத் தேய்க்காதீர்கள், பளபளப்பு போய்விடும். பழைய துணி போதும். மெழுகுத்திரியை நேராகக் கல்லின்மேல் ஏற்றாமல் சிரட்டையில் வையுங்கள். மெழுகு எழுத்துக்குள் இறங்கினால் குண்டூசியால் கிளறித்தான் எடுக்க வேண்டும். போன வருடம் ‘க்’கின் புள்ளிக்குள் இறங்கியதை எடுக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.